எல் 6/40 டாங்கியில் ஒரே அடியில் அழியாமல் ஆடுவது எப்படி?

கேள்வி: நான் ஏற்காட்டில் வசிக்கும் கல்லூரி மாணவன். வார் தண்டர் விளையாட்டில் அண்மையில் இத்தாலியப் பிரிவைத் தொடங்கினேன். எல் 6/40 இலகுரக டாங்கியை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினால் ஒரே அடியில் அழிந்துபோகிறேன்; என் குண்டுகளோ எதிரியின் கவசத்தில் பட்டுத் தெறிக்கின்றன. இதை விட்டுவிட்டு வேறு நாட்டின் டாங்கிகளுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் அந்த டாங்கியின் அமைப்பிலேயே இருக்கிறது. உளவு பார்ப்பதற்கென்று இத்தாலியர்கள் உருவாக்கி, 1942-இல் சோவியத் போர்முனைக்கும் அனுப்பிய, ஏழு டன்னுக்கும் குறைவான வண்டி அது. எதிரியுடன் நேருக்கு நேர் நின்று மோதுவது அதற்குரிய வேலை அன்று.

அதில் இருப்பவர்கள் இருவர் மட்டுமே. முன்புறம் வலப்பக்கத்தில் ஓட்டுநர், டரெட்டுக்குள், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூண்டுக்குள், தளபதி. குறி பார்ப்பதும், சுடுவதும், குண்டு நிரப்புவதும் அந்தத் தளபதி ஒருவரின் பொறுப்பு. வார் தண்டரில் ஒரு டாங்கி தொடர்ந்து போரிடக் குறைந்தது இருவர் எஞ்சியிருக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட டாங்கி மூவரை இழந்த பிறகும் களத்தில் நிற்கும். உங்கள் வண்டியிலோ ஒருவர் வீழ்ந்தாலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. 30 மி.மீ. முன்கவசம் இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கும். 37 அல்லது 45 மி.மீ. பீரங்கியைத் தாங்காது. கனரக டாங்கிகளில் பழகியவர்கள் செய்வதுபோல வண்டியை எதிரிக்குக் கோணலாகத் திருப்பி நிறுத்துவதும் இங்கே பயன் தராது. பக்கக் கவசம் ஏறத்தாழ 15 மி.மீ. மட்டுமே என்பதால், அமெரிக்க டாங்கிகளின் 12.7 மி.மீ. துப்பாக்கியே அருகிலிருந்து அதைத் துளைத்துவிடும். ஆகவே எதிரியின் கண்ணில் படும் பரப்பைக் குறைப்பதே உங்களுக்கு உண்மையான கவசம்.

இதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டில் வாழ்வதே உங்களுக்கு உதவும். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். ஏற்றத்துக்கு அப்பாலிருந்து வரும் லாரியின் தலைப்பகுதி முதலில் தெரிந்து, சக்கரங்கள் கடைசியில்தான் தெரியும் அல்லவா? விளையாட்டிலும் மேட்டின் முகட்டை முழுவதுமாக ஏறிவிடாமல், டரெட் மட்டும் தெரியும் இடத்தில் நின்றுவிடுங்கள். எல் 6/40-இன் பீரங்கி கிடைமட்டத்துக்குக் கீழே 12 பாகை வரை தாழும். அந்தத் தரவரிசையில் இது சிறப்பான அளவு என்பேன். உடல் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்க, கீழே சமவெளியில் வருபவரை அங்கிருந்தபடியே சுடலாம். வண்டியின் உயரமும் இரண்டு மீட்டர்தான் என்பதால் சாதாரணப் புதரே அதை மறைத்துவிடும். முகட்டின் மேல் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்பதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

தெருமுனைகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. டரெட் வண்டியின் நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எனவே சுவர் உங்களுக்கு வலப்புறமாக இருக்கும் முனையைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கத்தை மட்டும் வெளியே நீட்டினால், ஓட்டுநர் சுவருக்குப் பின்னாலேயே இருக்க, நீங்கள் சுட முடியும். சுவர் இடப்புறம் இருந்தாலோ, சுடுவதற்கு முன்பே வண்டியில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

இனிச் சுடும் முறைக்கு வருவோம். 20 மி.மீ. பிரெடா பீரங்கிக்கு ஒரு கிளிப்பில் எட்டுக் குண்டுகள். விசையை அழுத்திப் பிடித்தால் சுமார் இரண்டு நொடிகளில் தீர்ந்துவிடும்; அதன் பிறகு அடுத்த கிளிப் ஏறும்வரை நீங்கள் நிராயுதபாணி. உங்கள் இழப்புகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் நிகழ்ந்திருக்கும் என்றே கருதுகிறேன். இரண்டிரண்டாகச் சுட்டு, எட்டாவது குண்டு வெளியேறியதும் பலனைப் பார்க்க நில்லாமல் பின்வாங்குங்கள். பின்னோக்கிச் செல்லும் வேகம் மிகக் குறைவு என்பதால், மறைவிலிருந்து ஒரு வண்டி நீளத்துக்கு மேல் முன்னேற வேண்டாம்.

கவசத்தைத் துளைக்கும் குண்டுப் பட்டையையே பெரும்பாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். அது சில நூறு மீட்டருக்குள் 30 மி.மீ. அளவிலான எஃகைத் துளைக்கும். சோவியத் டாங்கிகளான டி-26, பிடி-5 ஆகியவற்றின் கவசம் 15 மி.மீ. அளவினது, முன்னாலிருந்தே சுடலாம். அமெரிக்க ஸ்டுவர்ட்டை முன்னால் சுடுவது வீண், பக்கவாட்டில் 25 மி.மீ. என்பதால் அருகிலிருந்து முடியும். பிரெஞ்சு ஆர் 35 பக்கங்களிலும் 40 மி.மீ., பிரிட்டிஷ் மட்டில்டா முன்புறம் 78 மி.மீ. கவசம் கொண்டவை, அவற்றிடம் குண்டை வீணாக்காதீர்கள். துளைக்க முடிந்த டாங்கியிலும் குண்டு செல்லும் பாதையில் இருப்பவரே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார். எனவே முதலில் டரெட்டில் சுடுபவர் அமர்ந்திருக்கும் இடம், அடுத்து ஓட்டுநர் என்று ஆளைத் தேடிச் சுடுங்கள்.

துளைக்க முடியாதவரைக் கண்டால் பைனாகுலரில் பார்த்து, இலகுரக டாங்கிகளுக்குரிய ஸ்கவுட் (உளவு) விசையை அழுத்துங்கள். அவரது இருப்பிடம் அணியினருக்குத் தெரியும். அவர்கள் அவரை வீழ்த்தினால் வெகுமதியில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு குண்டுகூடச் சுடாமல் நல்ல புள்ளிகளோடு முடித்த ஆட்டங்கள் எனக்கு உண்டு.

ஆட்டத்தின் தொடக்கத்தில் எல் 6/40-ஐ எடுத்து முகடுகளைப் பிடியுங்கள். அது அழிந்த பிறகு, 47 மி.மீ. பீரங்கியும் நான்கு வீரர்களும் கொண்ட எம் 13/40-ஐ எடுங்கள். எல் 6/40-இன் அடித்தளத்திலேயே, டரெட் இல்லாமல் 47 மி.மீ. பீரங்கி பொருத்திய செமோவென்தே என்ற பீரங்கி வண்டியையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். மேட்டு மறைவில் பழகிய கை அதற்கும் உதவும்.