அக்காவுக்குத் தத்துக் கொடுக்கும் குழந்தை: பத்திரத்துக்கு முன் விசாவைப் பாருங்கள்

கேள்வி: என் அக்காவும் அத்தானும் டெக்சாஸில் இருக்கிறார்கள். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். குழந்தை இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது ஆனியில் பிறக்கும். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. பிறக்கும் குழந்தையை அக்காவுக்கே கொடுப்பதாகப் பேசிவிட்டோம். தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் ஒரு மாதத்தில் விசா வந்துவிடும் என்கிறார் பத்திர எழுத்தர். சரிதானா? – வாசகி, அம்பாசமுத்திரம்.

பதில்: பத்திரம் பதிவதை முதலில் நிறுத்துங்கள்.

எழுத்தர் சொன்னது பாதிதான் சரி. 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி கொடுத்து வாங்கினால் அந்தத் தத்து இங்கே செல்லும். சொத்துக்கு ஆகும், பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆகும். விசாவுக்கு ஆகாது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு, அமெரிக்காவும் உண்டு. அதனால் இந்தக் குழந்தைக்காக அக்கா அமெரிக்கக் குடிவரவுத் துறையில் போடும் ஐ-800 மனுவுக்கு அங்கே முதற்கட்ட ஒப்புதல் வந்த பிறகுதான் இங்கே தத்தே நடக்க வேண்டும். முந்திக்கொண்டால் மனு தள்ளுபடி. தத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி வாருங்கள் என்பார்கள். ஆனால் முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது நம் 1956 சட்டத்தின் 15-வது பிரிவு. இதற்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது பெரும்பாடு.

இதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கும் அந்த மின்வாரிய வேலை. பெற்ற தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையின் அடிப்படைத் தேவைகளைக்கூட அவர்களால் கவனிக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. கடும் வறுமை, தீராத நோய் போன்ற காரணங்களைத்தான் பார்ப்பார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது மனசுக்குக் காரணம், மனுவுக்கு இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதுதான். வறுமை என்று பொய் எழுதிக் கொடுக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. அக்காவோ அத்தானோ இங்கே வந்து, சட்டப்படி தத்தெடுத்த குழந்தையோடு இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால், ஹேக் வழியில் இல்லாமல், குடும்ப உறவுக்கான ஐ-130 மனு போடலாம். வேலையை விட்டு வர முடியுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எந்த வழியில் போவது என்று அங்கே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டி முடிவு செய்துகொண்டு, அப்புறம் இங்கே கையெழுத்துப் போடுங்கள்.

ஹேக் வழியில் போக இடமிருக்கும் குடும்பங்களுக்காகச் சுருக்கமாக: அங்கே அங்கீகாரம் பெற்ற முகமை மூலம் வீட்டாய்வும், தத்தெடுப்பவர் தகுதியானவரா என்று பார்க்கும் ஐ-800ஏ மனுவும். இங்கே மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். மேலே சொன்ன ஐ-800 முதற்கட்ட ஒப்புதல் வந்த பிறகு தத்தெடுப்பு ஆணை; 2022 செப்டம்பர் முதல் அது கோர்ட்டில் இல்லை, கலெக்டரிடம். நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம். அதன்பின் காராவின் தடையின்மைச் சான்று, குழந்தைக்குப் பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, கடைசியாக விசா. ‘உறவினர்’ என்று சட்டம் ஏற்பது பெற்றோரின் உடன்பிறந்தவர்களையும் தாத்தா பாட்டிகளையும்தான். பெரியம்மா முறையில் உங்கள் அக்கா அதில் வருகிறார். ஒன்றுவிட்ட அக்கா என்றால் வரமாட்டார்.

தாயின் சம்மதமும் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தால்தான் செல்லும். இப்போதே முத்திரைத்தாளில் எழுதி வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆஸ்பத்திரியிலேயே தாய் பெயருக்கு அக்கா பெயரைக் கொடுத்துவிடலாமே என்று யாராவது காதில் போடுவார்கள். அது பொய்ப் பதிவு, குற்றம். சந்தேகம் வந்தால் தூதரகம் டிஎன்ஏ பரிசோதனை கேட்கலாம். பிறந்த 21 நாளுக்குள் உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலுமே பதியுங்கள். ஆதாரில் இசக்கியம்மாள், பள்ளிச் சான்றிதழில் எசக்கியம்மாள் என்று இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் பிரசவத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள்; இனிஷியலையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்க அவசரம் இல்லை; ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.