கேளுங்கள் டீச்சர்: கணக்குப்பிள்ளையின் குடும்ப ரகசியம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் என் மகள் வீட்டுப் பின்புறம் குடியிருக்கும் சிப்மங்க் ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்குக் கணக்குப்பிள்ளை என்று நான் பெயர் வைத்ததையும், அவர் மனைவி மக்களோடு வாழ்ந்துவருவதையும் சொல்லியிருந்தேன். பல்லி விழுந்த பலன் கேட்டு வரும் கடிதங்களைவிட அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். ஆகவே இந்த மாதம் பல்லி, பாம்பு, கரப்பான் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

கேள்வி: சிப்மங்க் என்பது நம் ஊர் அணில்தானே? அதற்கு எதற்கு இப்படி ஓர் அலங்காரப் பெயர்?
— வாசகர், கும்பகோணம்

பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அணில் குடும்பம்தான். நம் அணிலுக்கு முதுகில் வெளிர்கோடு மூன்று. அதற்குக் கருங்கோடு ஐந்து. போதாதென்று கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு, நடுவில் மை இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு. எடை ஏறக்குறைய 100 கிராம். நம்முடையது மரத்தில் கூடு கட்டும்; அது மண்ணுக்குள் வளை தோண்டும். பெயர் அலங்காரம் எதுவும் இல்லை. ஒஜிப்வே என்ற அந்த மண்ணின் பழங்குடி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவது என்பது அதன் மூலப்பொருள்.

உண்மையான வித்தியாசம் கன்னத்தில் இருக்கிறது. கோயில் குரங்கு கடலையைக் கன்னத்தில் அடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிப்மங்குக்கும் அதே ஏற்பாடு, ஆனால் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் குரங்கு தோற்றுவிடும். ஒருநாள் காலை, டெக் என்று அவர்கள் சொல்லும் மரத் திண்ணையில், தோலோடு நான்கு வேர்க்கடலை வைத்துவிட்டு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை வந்தார். முதல் கடலையை இரண்டு கையாலும் எடுத்து, நகைக்கடையில் வளையல் பார்ப்பதுபோல் உருட்டி உருட்டிப் பார்த்தார். அதன் கூர்முனையை மட்டும் கடித்துத் துப்பினார். கன்னத்தில் குத்துமே, அதற்காக. பிறகு வலது கன்னத்துக்குள் தள்ளினார். இரண்டாவது இடது கன்னத்துக்கு. மூன்றாவது மறுபடி வலது. அதற்குள் பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் முகம் ஆகிவிட்டது. நான்காவது போகவில்லை. உள்ளே இருந்ததில் ஒன்றை வெளியே எடுத்து, திருப்பி வைத்து, கையால் அமுக்கிப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பெட்டியின் மேல் ஏறி உட்காரும் நம் அத்தைமார்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். கடைசியில் நான்காவதைப் பல்லில் குறுக்கே கவ்விக்கொண்டு, வாலைக் கொடிபோல் நிமிர்த்தி ஒரே ஓட்டம்.

இதன் விலங்கியல் பெயர் டாமியாஸ். கிரேக்க மொழியில் பண்டகசாலைக்குப் பொறுப்பானவர் என்று பொருள். நான் வைத்த பெயரும் தப்பில்லை, பாருங்கள்.

கேள்வி: சிப்மங்குகள் தனித்தனியாகத்தான் வாழும் என்று படித்திருக்கிறேன். நீங்களோ "மனைவி மக்களோடு" என்று எழுதினீர்கள். அந்த மனைவியை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?
— வாசகி, கோத்தகிரி

பிடித்துவிட்டீர்கள். இந்தக் கேள்வி வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மகள் வீட்டுக்குப் பின்னால் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு கல் சுவர் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் காட்டுக்குள் எங்கே போனாலும் இப்படிப்பட்ட சுவர்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து விவசாயிகள் நிலத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி, சாந்து பூசாமல் அடுக்கியவை. அவர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள், காடு திரும்பி வந்தது, சுவர் அப்படியே நின்றது. சிப்மங்குக்கு அது கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. கணக்குப்பிள்ளையின் வளை அந்தச் சுவரடியில். வாசல் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் நுழையும் அளவு, சுற்றிலும் தோண்டிய மண் ஒரு பிடிகூட இருக்காது. மண் குவிந்திருந்தால் வீடு இங்கே என்று விலாசம் எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடுமே.

ஜூன் முதல் வாரம் அந்த வாசலில் நான்கு தலைகள் முளைத்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்னால் நிற்பது தள்ள, முன்னால் நிற்பது பயந்து உள்ளே போக, டிக்கெட் கவுண்டர் தோற்றது. "பாட்டி, கணக்குப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது" என்று ஏழு வயதுப் பேத்தி அறிவித்தாள். அப்பா வெளியே காவல், அம்மா உள்ளே சமையல் என்று நானும் முடிவு கட்டி, உங்களுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.

எழுதி அனுப்பிய மறுநாள் கணக்குப்பிள்ளை சுவர்மேல் ஏறிப் பின்கால்களில் நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளையின் பைனாகுலர் என் கையில் இருந்தது. வயிற்றில் இரண்டு வரிசைப் பால்காம்புகள். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஆக, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த மனைவி என்று யாரும் இல்லை. கணக்குப்பிள்ளைதான் அம்மா. அப்பா, வசந்த காலத்தில் ஒருநாள் வந்து போனதோடு சரி. ஒரு மாதம் சுமந்து பெறுவது, கண் திறக்காத குட்டிகளை மண்ணுக்குள் வைத்து ஐந்தாறு வாரம் வளர்ப்பது எல்லாம் அவள் ஒருத்தியே. குட்டிகள் வெளியே வந்த பிறகும் சேர்ந்து இருப்பது இரண்டு வாரம்போலத்தான். அதற்குப் பிறகு அவரவர் வளையை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் கடைசியில் ஒரு குட்டி மட்டும் பழைய வாசலுக்குத் திரும்பி வந்தது. பெற்றவளே அதைச் சுவர் நீளத்துக்கும் துரத்தினாள். பேத்தி அழுதாள். மகள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆறு மாதம் தங்க வந்திருந்தேன், அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பெயரை மாற்றலாமா என்று கேட்டதற்குப் பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மாக்கள் கணக்குப்பிள்ளையாக இருக்கக்கூடாதா?" என்றாள். அதனால் பெயர் நின்றது, "அவர்" போய் "அவள்" வந்துவிட்டாள்.

கேள்வி: நம் அணிலுக்கு ராமர் தடவிக் கொடுத்ததால் கோடு. அமெரிக்காவுக்கு ராமர் போகவில்லையே, அந்தக் கோடு எப்படி வந்தது?
— வாசகர், ராமநாதபுரம்

கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இரோகுவா பழங்குடி மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. என்னால் ஆகாத காரியமே இல்லை என்று கரடி பெருமை பேசியது. நாளைக் காலைச் சூரியனை உதிக்காமல் நிறுத்து பார்க்கலாம் என்றது சிப்மங்க். கரடி இரவெல்லாம் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. சூரியன் வழக்கம்போல் வந்தது. சிப்மங்க் விழுந்து விழுந்து சிரித்தது. கரடி ஒரே அடியில் அதை அமுக்கிப் பிடிக்க, எப்படியோ நழுவி ஓடும்போது முதுகில் நகம் கீறிய தடம்தான் அந்தக் கோடுகள். நம் அணிலுடையது மண் சுமந்து வாங்கிய கோடு. அது வாயால் வாங்கிய கோடு.

கேள்வி: மகள் வீட்டிலிருந்து வரும்போது ஒரு ஜோடி கொண்டுவந்து வளர்க்கலாமே?
— வாசகர், ஈரோடு

ஜோடியாக ஒரே கூண்டில் வைத்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும். தவிர, அந்தப் பகுதியில் உண்ணி வழியாக மனிதர்களுக்கு வரும் லைம் நோயின் கிருமி சிப்மங்கின் உடம்பிலும் இருக்கும். ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்ப்பதே சுகம்.

கேள்வி: பனிக்காலம் முழுக்கத் தூங்குமாமே, கொடுத்து வைத்த ஜென்மம்!
— வாசகி, மதுரை

முழுக்க இல்லை. கரடி உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு படுக்கும். இவள் அரிசி மூட்டைமேல் படுப்பவள். வளைக்குள் சேமித்த ஓக் கொட்டைகளின் மேலேயே இலைப் படுக்கை. உடம்பு குளிர்ந்து, இதயத் துடிப்பு மெதுவாகி, சில நாள் மயக்கம்போல் தூக்கம். பிறகு எழுந்து, படுக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு கொட்டை எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி தூக்கம். தீபாவளிப் பலகார டப்பாவைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த என் மாமனாரும் ஏறக்குறைய இப்படித்தான்.

கேள்வி: அங்கே வடாம் காயவைத்தால் இது விட்டுவைக்குமா? நானும் மகன் வீட்டுக்குப் போகப்போகிறேன், அதனால் கேட்கிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

பச்சை மிளகாய் அரைத்துவிடுங்கள். ஜூலையில் நான் டெக்கில் கூழ் வடாம் போட்டேன். கணக்குப்பிள்ளை ஓரத்தில் இருந்ததைக் கடித்தாள். இரண்டு நொடி அசையவில்லை. பிறகு வாயை மரப்பலகையில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து "சிப், சிப், சிப்" என்று கால் மணி நேரம் என்னைத் திட்டினாள். பூனையோ நரியோ தரையில் வந்தால் கொடுக்கும் அபாயக் குரல் அது. வானத்தில் பருந்து வந்தால் தொண்டையிலிருந்து "சக், சக்" என்று வேறு குரல். என்னைப் பூனைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறாள். உள்ளே மகள் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். உங்கள் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று யாரோ கேட்டார்களாம்.

நான் ஜெயித்ததாக நினைத்து உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பாதி வடாம் காணோம். புளூ ஜே என்ற நீலப் பறவைகள். மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. அணிலைத் தடுக்க மிளகாய் கலந்த பறவைத் தீனியையே அங்கே கடையில் விற்கிறார்கள். இதையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. பழைய கொசுவலை ஒன்று கொண்டுபோங்கள்.

கேள்வி: கணக்குப்பிள்ளை இப்போது நலமா?
— வாசகர், திருநெல்வேலி

அக்டோபரில் நான் கிளம்பும்போது ஓக் கொட்டைகள் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தன. அவளுக்கு என்னை வழியனுப்ப நேரமில்லை. டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று மகள் போன் செய்தாள். கார் கொட்டகையில் இருந்த பனி பூட்ஸுக்குள் மாப்பிள்ளை கால்விட, கால் பாதியிலேயே நின்றுவிட்டதாம். கவிழ்த்தால் இரண்டு படி தேறும் சூரியகாந்தி விதை, பறவைத் தீனி மூட்டையிலிருந்து எடுத்தது. கூடவே தோலோடு ஒரு வேர்க்கடலை, கூர்முனை மட்டும் கடிக்கப்பட்டிருந்தது. அது பாட்டி வைத்ததுதான் என்று பேத்தி சாட்சி சொன்னாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் அள்ளி அதே பூட்ஸில் போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு, வேறு ஜோடி வாங்கப் போயிருக்கிறார்.