இத்தாலிக்குச் சாப்பிடப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலத்துக்குக் குழுவாகப் போகும் உணவுச் சுற்றுலா பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'சைவம் கிடைக்குமா?' என்றுதான் கேட்கின்றன. அதற்கும் மற்ற சிலவற்றுக்கும் இங்கே பதில்.

நானும் கணவரும் இந்த வருடம் ஓய்வு பெறுகிறோம். ஒரு நிறுவனம் ஒன்பது நாளில் ரோம், ஃப்ளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலன், தினமும் இந்திய டின்னர் என்கிறது. இன்னொன்று ஏழு இரவும் எமிலியா-ரொமாஞ்ஞாவின் தலைநகரான பொலோஞ்ஞாவிலேயே தங்கவைத்து, பன்னிரண்டு பேர் குழுவாகச் சுற்றுவட்டாரத்தில் சீஸ், பாஸ்தா, வினிகர் செய்வதைக் காட்டுகிறதாம். விலையும் அதிகம். எதில் போகலாம்? – வாசகி, கோவை

சாப்பாட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான். முதலாவதில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பஸ் ஜன்னலை. இத்தாலியின் பழைய நகர மையங்கள் பலவற்றுக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடை இருக்கிறது, அதனால் பஸ் எங்கோ தள்ளி இறக்கிவிடும், அங்கிருந்து வேகவேகமாக நடந்து, கோபுரத்தோடு ஒரு போட்டோ எடுத்து, திரும்ப ஓடிவந்து ஏறி, ராத்திரி ஒரு இந்திய ஓட்டலில் பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுப் படுக்க வேண்டும். அதைத் தப்பென்று சொல்லவில்லை, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதையே 'இத்தாலிய உணவும் கலாச்சாரமும்' என்று விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல்.

'இத்தாலியச் சாப்பாடு' என்று மொத்தமாக ஒன்று கிடையாது. 1861-இல்தான் அது ஒரே நாடானது, அதற்கு முன் தனித்தனி அரசுகள். இன்று 20 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையல். வடக்கே வெண்ணெய், பன்றிக் கொழுப்பு, முட்டை சேர்த்த பாஸ்தா. தெற்கே ஆலிவ் எண்ணெய், ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்த பாஸ்தா. உலகமெல்லாம் ஸ்பகெட்டி பொலோனீஸ் விற்கிறதே, அதைப் பொலோஞ்ஞாவில் ஊர்க்காரர் யாரும் சாப்பிடுவதில்லை. அங்கே இறைச்சிக் குழம்பான ரகூவுக்கு தால்யதெல்லே என்ற பட்டை பாஸ்தாதான் ஜோடி. அது வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள், தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து! இந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

பொலோஞ்ஞாவில் தங்கினால் மொடெனாவுக்கு ரயிலில் அரை மணி நேரம், பார்மாவுக்கு ஒரு மணி நேரம். தினமும் பெட்டி கட்ட வேண்டாம், உங்கள் வயதில் அது ஒன்றே போதும் இதைத் தேர்ந்தெடுக்க. ஊரும் அழகு. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம், மழையானாலும் வெயிலானாலும் கூரையின் கீழேயே நடக்க வைக்கும் தூண் தாழ்வாரங்கள் (2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை). 'ரோம் பார்க்காமல் இத்தாலியா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்தான். இந்தச் சுற்றுலாவுக்கு முன்போ பின்போ இரண்டு மூன்று நாள் நீங்களே தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிவேக ரயில் இருக்கிறது.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டோம். இந்த மாதிரிச் சுற்றுலா எங்களுக்குச் சரிப்படுமா? – வாசகர், கும்பகோணம்

சரிப்படும், ஆனால் எமிலியா-ரொமாஞ்ஞாவுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு இத்தாலியிலேயே கஷ்டமான இடங்களில் அது ஒன்று. பாஸ்தாவில் முட்டை. தொர்தெல்லினி என்ற சின்னப் பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, அது மிதப்பது கோழிச் சாற்றில். பியாதினா என்ற ரொட்டி பார்க்கச் சப்பாத்தி போல இருக்கும், மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுத்தான் உறையவைக்க வேண்டும் என்பது விதி. இதைப் பல வழிகாட்டிகள் நாமாகக் கேட்காமல் சொல்வதில்லை. அவர்களைப் பொறுத்தவரை சீஸ் சைவம், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது தெற்கே, வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் மாதிரி இருக்கும் பூலியா மாநிலம். காலங்காலமாக ஏழைகளின் சமையல், அதனாலேயே பருப்பும் கீரையும் எண்ணெயும். உலர்ந்த ஃபாவா அவரைப் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கசப்பான சிக்கரிக் கீரையோடு கொடுப்பார்கள். பருப்பு மசியல் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தா டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை இல்லை. பாரி நகரின் பழைய பகுதியில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு அதைக் கத்தி முனையால் இழுத்து இழுத்து உருட்டுவதை நின்று பார்க்கலாம். ஆனால் அதைக் கீரையோடு சமைக்கும்போது பல வீடுகளில் உப்பிட்ட நெத்தலி வகை மீனைக் கரைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். அல்தமூராவின் ரவை ரொட்டியைத் தக்காளியோடு சாப்பிட்டே ஒரு மதியத்தை ஓட்டலாம்.

சிசிலிக்குப் போகும் குழு என்றால், பலெர்மோவில் பனெல்லே இருக்கிறது. கொண்டைக்கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஜெனோவா பக்கம் அதே மாவில் ஃபரினாத்தா, விறகடுப்பில் சுட்டது.

மூன்று சொற்றொடரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா. இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். சூப்பு, ரிசோத்தோ என்ற அரிசிச் சமையல் எதுவானாலும் 'ப்ரோதோ' அதாவது இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் 'கார்னே இல்லை' என்று சொல்லிவிட்டு அந்தச் சாற்றில் வேகவைத்ததைக் கொண்டுவருவது அவர்களுக்குப் பொய்யாகத் தோன்றாது. பன்னகோத்தா என்ற இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. சீஸ் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பானவர் என்றால், தாவர ரென்னெட் சேர்த்ததா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமையுள்ள வழிகாட்டி கிடைத்தால் போங்கள். இல்லாவிட்டால் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கும் குழுவாகத் தேடுங்கள்.

பயணத் திட்டத்தில் 'காலை 8 மணிக்குச் சீஸ் பண்ணை' என்று போட்டிருக்கிறது. விடுமுறையில் போய் அலாரம் வைக்க வேண்டுமா? பதினோரு மணிக்குப் போகக் கூடாதா? – வாசகி, ஈரோடு

பதினோரு மணிக்குப் போனால் பெரும்பாலும் கழுவிவிட்ட தரையைத்தான் பார்ப்பீர்கள். பார்மிஜானோ சீஸுக்கு, முதல் நாள் மாலை கறந்த பாலை இரவு முழுக்கத் தட்டையான தொட்டிகளில் விட்டு, மேலே வந்த ஆடையை எடுத்துவிட்டு, அன்று காலைப் பாலோடு கலக்கிறார்கள். மாடு காத்திருக்காது, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. தலைகீழாக நிற்கும் மணி போன்ற செம்புத் தொட்டி, ஒன்றில் சுமார் ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் முந்தைய நாள் மோர்த்தண்ணீரும் ரென்னெட்டும் சேர்த்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைந்ததைக் கம்பிக் கூடை மாதிரி ஒரு கருவியால் அரிசி அளவுக்கு உடைத்து, சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கி, அடியில் படியவிட்டு, அப்புறம் இரண்டு பேர் துணியை உள்ளே விட்டு அந்தப் பெரிய உருண்டையை மேலே தூக்கி, கத்தியால் இரண்டாக வெட்டித் தனித்தனித் துணியில் தொங்கவிடுவார்கள். அந்தத் தூக்கும் கணம்தான் காட்சியே. அதைத் தவறவிட்டால், மீதியை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு சுமார் மூன்று வாரம் உப்புத்தண்ணீர்க் குளியல், குறைந்தது 12 மாதம் அலமாரி வாசம். சக்கர வடிவச் சீஸ் ஒன்று சுமார் 40 கிலோ, அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால். ஆய்வாளர் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, உள்ளே விரிசலா இல்லையா என்று சொல்கிறார். இன்னொன்று, அங்கே ஒரு வங்கி இந்தச் சக்கரங்களை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது, நம்மூர் நகைக்கடன் போலவே, தனிக் கிடங்கு கட்டி வைத்து. அதனால் அலாரம் வையுங்கள். 12, 24, 36 மாதத் துண்டுகளை வரிசையாகச் சுவைக்கத் தருவார்கள், 36 மாதத்தில் பல்லில் நறநறக்கும் வெள்ளைப் புள்ளி உப்பு இல்லை, புரதம் உடைந்து உருவான படிகம்.

பால்சாமிக் வினிகர் சூப்பர் மார்க்கெட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மொடெனாவில் 100 மில்லிக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்களாமே, ஏமாற்று வேலையா? – வாசகர், மதுரை

இல்லை, இரண்டும் வேறு வேறு பொருள். கடையில் நீங்கள் வாங்குவது திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, குறைந்தது 60 நாள் வைத்திருந்தால் போதும். 'த்ரதித்ஸியோனாலே' என்று லேபிளில் இருப்பது காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும். அதை வீட்டுப் பரணில், கோடை வெயிலும் குளிர்காலப் பனியும் படும்படி, ஒன்றைவிட ஒன்று சிறிதான மரப் பீப்பாய்களில் வருடாவருடம் மாற்றி மாற்றி ஊற்றி, குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 வருடம் காத்திருக்கிறார்கள். மொடெனாவில் எந்தக் குடும்பம் செய்தாலும் அதே உருண்டைப் பாட்டில்தான், கார் வடிவமைப்பாளர் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ வடிவமைத்தது.

ஆனால் சாலட்டுக்கு அது வேண்டாம், கடைச் சரக்கே நன்றாக இருக்கும். சீஸ் துண்டு மேலே, ஸ்ட்ராபெரி மேலே, வெனிலா ஐஸ்கிரீம் மேலே சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்கிறவர் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அங்கே ஸ்பூனில் தருவதைச் சுவைத்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஒயின் குடிக்காவிட்டால் குழுவில் சங்கடமாக இருக்குமா? – வாசகி, நாகர்கோவில்

இருக்காது. தண்ணீர் கேளுங்கள், அதற்கும் காசு வாங்குவார்கள்.

எந்த மாதம் போகலாம்? விசாவுக்கு எப்போது ஆரம்பிக்க வேண்டும்? – வாசகர், திருச்சி

ஏப்ரல் முதல் ஜூன் நடுவரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், வெயில் ஒரு பக்கம், ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிக் குடும்ப உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும். வெள்ளை ட்ரஃபிள் காளானுக்காக வட இத்தாலியின் ஆல்பா ஊருக்குப் போகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் போகிறார்கள், அப்போது விலையும் ஏறும். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு, மூன்று மாதம் முன்பாவது தொடங்குங்கள். விசா மறுத்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதைச் சுற்றுலா நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வேறு என்னவெல்லாம் கேட்க வேண்டும்? – வாசகர், சேலம்

முதலில், சமையல் வகுப்பில் நீங்கள் மாவைத் தொடுவீர்களா அல்லது வேடிக்கைதானா என்று கேளுங்கள். 'பாஸ்தா அனுபவம்' என்று போட்டுவிட்டு முப்பது பேரை நிற்கவைத்து ஒரு அம்மா உருட்டுவதைக் காட்டி முடித்துவிட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு உருட்டுக்கட்டை இருந்தால்தான் அது வகுப்பு. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அதைக் கை வலிக்கப் பிசைந்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரிக்க வேண்டும். எளிதில்லை, அதனால்தான் அந்த வேலை செய்யும் பெண்களுக்கு 'ஸ்ஃபோலீனா' என்று தனிப் பெயரும் மரியாதையும் இருக்கின்றன.

அப்புறம் எத்தனை வேளை சாப்பாடு விலையில் அடக்கம் என்பது. எல்லா வேளையும் அடக்கம் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன், வாரத்தில் இரண்டு மாலையாவது நீங்களே சந்து சந்தாகச் சுற்றி ஒரு கடையைக் கண்டுபிடிக்க விட வேண்டாமா? அப்படிச் சாப்பிடும்போது பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கொபெர்த்தோ' என்று சேர்ந்திருந்தால் சண்டை போடாதீர்கள், அது மேசைக் கட்டணம், மெனுவிலேயே போட்டிருப்பார்கள். விடுதியில் நகர வரி தனியாகக் கேட்பார்கள். லிஃப்ட் இருக்கிறதா, கல் பாவிய தெருவில் தினமும் எவ்வளவு நடை, தனியாக வருபவருக்கு அறைக்கு எவ்வளவு கூடுதல் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஊறுகாய், தின்பண்டம் எடுத்துப் போகலாமா? – வாசகி, தஞ்சாவூர்

நேரம்தான் உங்களுக்குப் பிரச்சினை. மதியம் இரண்டரை மணிக்குப் பிறகு பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் திறக்கும், குழு விருந்து என்றால் எட்டரையும் ஆகும். காலைச் சாப்பாடு அவர்களுக்கு இனிப்பு ரொட்டியும் காபியும்தான், விடுதியில் முட்டை, சீஸ் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். விருந்தில் நான்கு சுற்று வரும், நான்கையும் முடிக்க வேண்டியதில்லை. பாஸ்தாவை அரைத் தட்டாகக் கேட்டுவிட்டுக் காய்கறித் தட்டை அதிகம் வாங்கிக்கொள்ளலாம். மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள், பையில் எப்போதும் கடலையோ பிஸ்கட்டோ இருக்கட்டும்.

ஊறுகாய் தாராளமாக. ஆனால் இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, அதனால் பால்கோவாவும் நெய் டப்பாவும் வீட்டிலேயே இருக்கட்டும். ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் எண்ணெய்ச் சாமான் என்று சென்னையிலேயே பிடுங்கிவிடுவார்கள்.