ஜிப்சியின் கதவு ரப்பர்: வாங்கியது பொருந்தாவிட்டால்?

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், ஹார்டு டாப் (கெட்டிக் கூரை). மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. வேகமெடுத்தால் காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. கதவு பீடிங்கை, அதாவது கதவைச் சுற்றி வரும் ரப்பரை, முழு செட்டாக மாற்றச் சொன்னார் மெக்கானிக். “ஜிப்சிக்கு உரியது, ஒரிஜினல் தரம்” என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் ஒரு செட் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் ஓட்டுநர் கதவு பூட்டிக்கொள்ளவே மறுக்கிறது. ரப்பரைக் கொஞ்சம் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். பிரித்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார் விற்றவர். என்ன செய்வது?
- ஒரு வாசகர், வால்பாறை

பதில்: முதலில், அந்த ரப்பரில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீவினால் குமிழ் போன்ற பகுதி கிழிந்து ரப்பர் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். பணத்தைத் திரும்பக் கேட்கும் உங்கள் வாதமும் அத்தோடு பலவீனமாகிவிடும். பொருளை மாட்டிப் பார்த்ததால் உரிமை போய்விடாது. வெட்டிய பொருளுக்காக வாதாடுவதுதான் கடினம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது. “ஜிப்சிக்கு உரியது” என்று விற்ற ரப்பரால் ஜிப்சியின் கதவு மூடவில்லை என்றால், சொன்னதும் கொடுத்ததும் வேறு என்றுதான் பொருள். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். நாளை அதன் வாசகம் மாறியிருக்கலாம். கதவு மூடாமல் நிற்பதை வீடியோ எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

இனி வண்டிக்கு வருவோம். பணம் திரும்பி வந்தாலும் காலடித் தண்ணீர் அப்படியேதானே இருக்கும்! உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. காலடி ஈரத்தைக் கண்டதும் கதவு ரப்பர்மேல் பழி போடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது.

கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அமைப்பே அப்படி. உள்ளே இறங்கியது அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக வெளியேறிவிட வேண்டும். மலைப்பாதைச் சேறு அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். கதவை வேகமாகத் திறந்து மூடும்போது களக் களக் என்று சத்தம் கேட்டால் அதுதான் விஷயம். ஒரு தென்னை ஈர்க்கால் குத்திவிட்டால் கலங்கல் நீர் கொட்டும். அடுத்து, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னால் பசை வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டவோ கண்ணாடி ஏற்றும் கருவியைப் பழுதுபார்க்கவோ கதவைப் பிரித்தவர்கள் இதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். தாள் இல்லாத கதவில் எத்தனை விலை உயர்ந்த பீடிங் போட்டாலும் தண்ணீர் உள்ளே வரும். கெட்டியான பாலித்தீன் தாளை அளவாக வெட்டி ஒட்டினால் போதும், செலவு சொற்பம்.

இரண்டும் சரியாக இருந்தால் ஹோஸ் பரிசோதனை. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் ஹோஸால் தண்ணீர் பீய்ச்சியபடி, கதவின் அடியில் தொடங்கி மெல்ல மேலே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஓட்டை எது என்றே தெரியாது. முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் காட்டுங்கள். பல பழைய வண்டிகளில் ஓட்டுநர் காலடியை நனைப்பது அந்த இடம்தான்.

குற்றவாளி கதவு ரப்பர்தான் என்று உறுதியானாலும், கதவு சரியாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது, அதுதான் முதல் வேலை. தொங்கிய கதவு, புது ரப்பரை மேலே நசுக்காமலும் கீழே அளவுக்கு மீறி நசுக்கியும் வீணாக்கிவிடும். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடிப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை: ஹார்டு டாப் கம்பெனியிலேயே வந்ததா, பிறகு பட்டறையில் கட்டியதா? ஏலத்தில் எடுத்த சாஃப்ட் டாப் (துணிக் கூரை) ஜிப்சிகள் பலவற்றுக்குப் பின்னர்தான் கூரை கட்டினார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் கதவிடுக்கின் மேல்பகுதி அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும், கம்பெனி ரப்பர்கூடப் பொருந்தாமல் போகலாம். கம்பெனிக் கூரை என்றால், சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய் மாருதி உதிரிபாகக் கடையில் கேளுங்கள். உறையில் பாக எண்ணும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். “ஒரிஜினல் தரம்” என்பது ஒரிஜினல் அல்ல.

அங்கே கிடைக்கவில்லை என்றால் மீட்டர் கணக்கில் விற்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் நல்ல மாற்று. பழைய ரப்பரில் நசுங்காத ஒரு துண்டை, பெரும்பாலும் மேல்மூலையில் கிடைக்கும், வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். குறுக்குவெட்டு வடிவம், குமிழின் உயரம், கவ்வும் தகட்டின் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விரலால் குமிழை அமுக்கிவிட்டால் உடனே பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். பள்ளம் தங்கினால் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி பிரைமரும் பெயிண்டும் அடித்துக் காயவிடுங்கள். இணைப்பு கதவின் அடிப்பக்கத்தில் வரட்டும். ரப்பரை இழுத்துப் பொருத்தக்கூடாது. பின்னால் சுருங்கி இடைவெளி விடும். வளைவுகளில் சற்று தாராளமாகத் திணியுங்கள். புது ரப்பரில் கதவு முதலில் கடினமாக மூடுவது இயல்பே. பூட்டு கவ்வும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி வெளிப்பக்கம் சற்றே நகர்த்தலாம். இரண்டு வாரமாகியும் கதவு வெளியே துருத்தி நின்றால் ரப்பர் தடிமன் அதிகம் என்று பொருள்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றிய ஒரிஜினல் ரப்பர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? கிரீஸ் தடவினால் மிருதுவாகும் என்கிறார்களே?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். கீல், பூட்டு, கண்ணாடி ஆகியவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். ரப்பர் மட்டும், முந்தைய வண்டியின் கதவு நசுக்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். உங்கள் கதவுக்கு வளையாது. கிரீஸும் டீசலும் ஈபிடிஎம் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். கதவு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது கிரீச்சிட்டால் முகப்பவுடரே போதும்.