வாடகை தாங்கவில்லை, பொன்னேரிப் பக்கம் போகலாமா?

ராயபுரத்தில் 26 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். நான்கு ஆண்டுகளாகப் பொன்னேரியைத் தாண்டி ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். வடசென்னையை விட்டுக் கிளம்ப நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

தண்டையார்பேட்டையில் 11,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். மீஞ்சூரில் அதே அளவு வீடு 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணவருக்குப் பாரிமுனையில் வேலை. போகலாமா அண்ணா?

போகலாம் அம்மா, ஆனால் 5,000 ரூபாய் அப்படியே மிச்சமாகும் என்று எண்ணாதீர்கள். சீசன் டிக்கெட் மலிவு; கடற்கரை நிலையத்தில் இறங்கினால் பாரிமுனை நடைதூரம். ஆனால் கும்மிடிப்பூண்டி தடத்தில் தாம்பரம் தடத்தைப்போல அடிக்கடி வண்டி கிடையாது. வருவதும் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு நடுவழியில் நிற்கும். வீடு ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் இருசக்கர வண்டி, பெட்ரோல், அதை நிறுத்தக் கட்டணம் என்று செலவு கிளைவிடும்.

அதைவிடப் பெரியது தண்ணீர். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடியில் கடல்நீர் ஏறியது அரை நூற்றாண்டுக் கதை. வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் தரும் காப்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது கேன் தண்ணீரில் போட்டதாக இருக்கும். போர்வெல் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள்.

காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறேன். மகன் பொன்னேரிக்கு வா என்கிறான்.

அங்கிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தாலும் காசிமேட்டு மீன் ஏலத்தின் வால்தான் உங்களுக்கு மிஞ்சும். பழவேற்காட்டிலிருந்து இறாலும் நண்டும் எடுத்துப் பொன்னேரியில் விற்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் போய் ஒரு மாதம் மகன் வீட்டில் தங்கி, கூடையைத் தூக்கிப் பாருங்கள். பத்து வருட வாடிக்கையாளர்களை விட்டுப்போவதும் ஒரு செலவுதான். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கொருக்குப்பேட்டை வீட்டைக் காலி செய்கிறேன். பத்து மாத முன்பணத்தில் பெயின்ட் செலவு என்று பாதியைப் பிடிக்கப் பார்க்கிறார் வீட்டுக்காரர்.

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கும். நம் பக்கம் பெரும்பாலும் பதிவு செய்யாமல், முத்திரைத் தாளில் எழுதிப் பீரோவில் பூட்டிவைக்கிறார்கள்! சாவி கொடுக்குமுன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவையுங்கள் தம்பி.

கும்மிடிப்பூண்டி அருகே அரை கிரவுண்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்கிறார் தரகர். வேன், மதியச் சாப்பாடு, தங்கக்காசு எல்லாம் இலவசம்.

பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரப் பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. அதை நகர் ஊரமைப்பு இயக்ககமோ, சென்னைப் பெருநகர் எல்லைக்குள் வந்தால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவோதான் தரவேண்டும். 2016இல் உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது என் மேசை முன்னால் அழுதவர்கள் எத்தனை பேர்! பிறகு அவற்றை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். ஒப்புதல் இல்லாத மனைக்கு வங்கிக் கடனும் கிடைக்காது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண்ணைக் கேளுங்கள். முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று பாருங்கள். பக்கத்தில் ஏரிக்கரையோ ஓடையோ இருந்தால் நவம்பர் மழையில் இன்னொரு தடவை போங்கள். தரகர் வேன் அனுப்ப மாட்டார், பஸ்ஸில் போங்கள். பத்திரச் செலவு தனி: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

திருவொற்றியூரில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. விழுப்புரம் பக்கம் தாத்தா வீட்டைப் பழுதுபார்த்துக் குடிபோக ஆசை.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? அப்படியானால் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். அத்தைமார், சித்தப்பாமார் எல்லோரையும் உட்காரவைத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதலில் பதிவு செய்யுங்கள். 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பாழடைந்து கிடக்கும்வரை வீட்டைத் திரும்பிப் பார்க்காத உறவுகள், நீங்கள் டைல்ஸ் ஒட்டியதும் வந்து நிற்கும்.

அம்மாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வாரம் இருமுறை டயாலிசிஸ். புது வண்ணாரப்பேட்டை வாடகை கட்டுப்படியாகவில்லை.

இப்போது நகராதீர்கள். அதே தெருவில் ஒரு அறை குறைந்த வீட்டைத் தேடுங்கள்.

நீங்கள் போனதற்கு வருந்துகிறீர்களா ஐயா?

எனக்குப் பரவாயில்லை. என் மனைவிக்குத்தான் பேச்சுத்துணை போய்விட்டது. செவ்வாய்தோறும் ரயிலேறிப் பழைய தெருவுக்குப் போய், மாலை வண்டியில் திரும்புகிறாள். அந்தப் போகவர டிக்கெட்டையும் வாடகைக் கணக்கில்தான் எழுதிவருகிறேன்.