போனைப் பறித்தால் சரியாகுமா?

கேள்வி: சாதாரண தர வகுப்புக்கு ‘எங்கள் வாவி’ என்று கட்டுரை கொடுத்தேன். பாதிப் பேர் சாட்ஜிபிடியில் எடுத்து ஒரே மாதிரிக் கொண்டு வந்திருக்கிறார்கள். போனைத் தடுத்துவிடட்டுமா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் டீச்சர், வீட்டுக்குப் போனதும் திரும்ப எடுக்கத்தான் போகிறார்கள். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற கருவிதான் சாட்ஜிபிடி, வாவிக்கரையில் விடியற்காலை மீன் விலை பேசுகிற சத்தத்தை அது கேட்டதில்லை, உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். முதல் 10 நிமிடம் கொப்பியில் தான் கண்டதை மட்டும் எழுதட்டும். அப்புறம் கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்யட்டும். அதன் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய வரைவுகள் நேரத்தோடு இருக்கும், வரிவரியாக வளர்ந்ததா, ஒரேயடியாக ஒட்டியதா என்று நீங்களே பார்க்கலாம்.

சாட்ஜிபிடியிடம் கட்டுரை கேட்காமல், “நான் எழுதியதில் என்ன விளங்கவில்லை, 3 கேள்வி கேள்” என்று கேட்கச் சொல்லுங்கள். என் மருமகள் ‘வாவி அழகானது’ என்று எழுதியிருந்தாள், “யாருக்கு அழகு?” என்று கேட்டது. கனநேரம் யோசித்துவிட்டு, வலை இழுத்துக் கை வெடித்த அப்பப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். சில நேரம் அது பிழையையும் உறுதியாகச் சொல்லும், அதைப் பிடிக்கிற பிள்ளைக்குத் தனியாகப் புள்ளி போடுங்கள்.