அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தனியார்மயமாக்குவது என்றால் என்ன?

அரசு நடத்தும் பல்கலைக்கழகத்தின் உரிமையையும் நிர்வாகத்தையும் அரசுக்கு வெளியே உள்ள அமைப்பிடம் ஒப்படைப்பதுதான் அது. பெறுபவர் முதலாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை, அறக்கட்டளையாகவும் இருக்கலாம்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஒரு வணிகரின் உயில் பணத்தில் 1829-இல் தொடங்கியது. 1937-இல் அரசிடம் போனது. 1994-இல் அறக்கட்டளைக்கு மாறியது. அறக்கட்டளையின் கையில் ஒரு கம்பெனியின் மொத்தப் பங்குகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தை நடத்துவது அந்தக் கம்பெனி. மூலதனமாக அரசு சுமார் 160 கோடி குரோனர் கொடுத்தது.

ஏன் மாற்ற வேண்டும்? சுவீடனில் அரசுப் பல்கலைக்கழகம் சட்டப்படி ஓர் அரசு அலுவலகம். சொத்து வாங்குவது, கடன் எடுப்பது எல்லாவற்றுக்கும் அரசு விதிகள் குறுக்கே நிற்கும். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்கிறோமே, அப்படி. சொந்த வீட்டில் கேட்க வேண்டாம். ஆனால் கூரை ஒழுகினால் செலவு நம்முடையது. மூலதனம் முதலீட்டில் இருப்பதால் சந்தை சரிந்தால் வருமானமும் சுருங்கும். என் பார்வையில், போதிய மூலதனம் தராமல் கைகழுவுவதுதான் உண்மையான ஆபத்து.

தனியார் என்றாலே கட்டணம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள்; சால்மர்ஸில் சுவீடன், ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கு இன்றும் கல்விக் கட்டணம் இல்லை, ஒப்பந்தப்படி அரசு நிதி தொடர்கிறது.